தலைமயிரும் இதயமும்: மட்டக்களப்புக் குடிமரபின் பின்னணியில் ஒரு பரம்பரை நோய் பற்றிய நோக்கு

பிறக்கும்போதே கம்பளிபோற் சுருண்டு முறுக்கிய தலைமயிர். தவழவும் நடக்கவும் தொடங்கியபின் தடித்துவரும் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும். பருவமெய்தும் வயதில் ஒருநாள் காரணமின்றி வந்ததுபோலத் தோன்றும் மயக்கம். இம்மூன்றும் ஒரே பிள்ளையிடத்துக் காணப்படுமாயின் அவற்றைத் தனித்தனியே நோக்குவோர் மூன்று வேறு விடயங்களையே காண்பர். முதலாவது சாயல் எனப்படும். இரண்டாவது தோல் வருத்தம் எனப்படும். மூன்றாவது வலிப்பென்றோ வெயிலின் களைப்பென்றோ கொள்ளப்படும். இவை மூன்றும் ஒரே பரம்பரையலகின் பழுதால் விளையக்கூடியன என்பதும், மூன்றாவது அறிகுறி தோன்றுமுன்னரே முதலிரண்டையும் கொண்டு இதயநோயை முன்னறிய இயலும் என்பதும் கடந்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவ உலகு கற்றுக்கொண்ட உண்மைகளாகும்.

இவ்வுண்மையை விளக்குவதும், தாய்வழிக் குடிமரபும் மச்சான் மச்சாள் மணமும் நிலைபெற்றுள்ள மட்டக்களப்பு வாவிப் பிரதேசச் சமூகத்துக்கு அதனாற் பெறப்படும் பாடத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இந்நோய் இப்பிரதேசத்துக்கு உரியதென இங்கு வாதிடப்படவில்லை. உறவுமுறைக் கணக்கு ஒன்றாகவும் உயிரியற் கணக்கு வேறொன்றாகவும் இருக்குமிடத்து எத்தகைய நோய்கள் கண்ணிற் படாமற் போகக்கூடும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாக அமைகின்றது.

1. நக்சோஸ் தீவு தந்த பாடம்

கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் உள்ளது நக்சோஸ் என்னும் தீவு. அங்குள்ள சில குடும்பங்களிற் கம்பளி மயிரும் கைகால்களின் தோற்றடிப்பும் உள்ளவர்கள் இதயத்துடிப்பு முறைகேட்டாற் பாதிக்கப்படுவதை அவதானித்த புரோட்டோநொடாரியோஸ், சட்சொபூலு முதலிய மருத்துவர்கள் அவதானங்களைத் தொகுத்து 1986இல் பிரித்தானிய இதய மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டனர். அதன்பின் இது நக்சோஸ் நோய் எனப் பெயர்பெற்றது. துருக்கி, இத்தாலி, இஸ்ரேல், சவூதி அரேபியா முதலிய நாடுகளிலும் இத்தகைய நோயாளர் பின்னர் கண்டறியப்பட்டனர்.

இந்தியாவிலும் ஒரே குடும்பத்தவரிடையே சுருண்ட மயிர், கைகால் தோற்றடிப்பு, இதய விரிவு ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட்டமை 1996இல் இந்திய இதய மருத்துவ ஏட்டிற் பதிவாயிற்று. 1998இல் தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் கர்வஹால் ஊர்த்தா இதனை ஒத்த மற்றொரு நோயை விவரித்தார். நக்சோஸ் நோயிற் பெரும்பாலும் வலது இதயவறையே முதலிற் பழுதுறும். கர்வஹால் நோயில் இடது இதயவறை பெரிதும் பாதிக்கப்படும். அது இளம் வயதிலேயே வெளிப்பட்டு இதயம் செயலிழப்பதற்கு ஏதுவாகும்.

2000ஆம் ஆண்டில் இவ்விரு நோய்களின் மூலமும் அறியப்பட்டது. நக்சோஸ் நோயாளரிடத்து 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிளக்கோகுளோபின் என்னும் புரதத்துக்கான பரம்பரையலகில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. எக்குவடோர்க் குடும்பங்களில் 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள டெஸ்மோபிளக்கின் என்னும் புரதத்துக்கான பரம்பரையலகில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. நீண்டதொரு வாக்கியத்தில் ஓரெழுத்துக் குறைந்ததும் பின்வரும் சொற்பிரிப்பு அனைத்தும் குழம்புவது போன்று, இவ்விழப்பினாற் புரதத்தின் இறுதிப் பகுதி உருச்சிதைந்தோ குறுகியோ போகின்றது.

2. மயிருக்கும் இதயத்துக்கும் பொதுவான பிணைப்பு

தலையிலுள்ள மயிருக்கும் மார்பிலுள்ள இதயத்துக்கும் யாது தொடர்பு என்னும் வினா இயல்பாக எழும். இதற்கான விடை கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்பில் உள்ளது. உடலின் கலங்கள் செங்கற்களைப்போல அடுக்கப்பட்டவையாயினும் அவற்றை இணைக்கும் சாந்து எல்லா இழையங்களிலும் ஒரே தன்மையதன்று. ஓயாது இழுபடும், உராயும், அமுக்கப்படும் இழையங்களிற் கலத்தையும் கலத்தையும் தைத்துப் பிணைக்கும் பொத்தான் போன்ற அமைப்புகள் செறிந்துள்ளன. இவை டெஸ்மோசோம் எனப்படும். பிளக்கோகுளோபினும் டெஸ்மோபிளக்கினும் இப்பொத்தான்களின் உறுப்புகளாகும். கலத்தின் உட்சட்டகமான புரத இழைகளை இவை பொத்தானோடு கட்டிவைக்கின்றன.

இவ்விணைப்பு மிகுதியாக வேண்டப்படும் இடங்கள் மூன்று. மயிர்க்கால் அவற்றுள் ஒன்று. அங்குள்ள கலங்களின் ஒழுங்கு குலைந்தால் மயிர் நேராக வளராது முறுக்குண்டு கம்பளித்தன்மை பெறும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மற்றோரிடம். அமுக்கத்தையும் உராய்வையும் தாங்கவியலாத தோல் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். மயிரின் வேறுபாடு பிறப்பிலேயே காணப்படுவதும், தோற்றடிப்பு பிள்ளை கைகால்களை ஊன்றிப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே தோன்றுவதும் இதனாலாகும்.

மூன்றாவது இடம் இதயத்தசை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை சுருங்கி விரியும் இத்தசையிற் பிணைப்பு தளருமாயின் தசைக்கலங்கள் சிறிது சிறிதாகப் பிரிந்து மடிகின்றன. மடிந்த இடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் நிரப்புகின்றன. அவை சுருங்கமாட்டா, மின்துடிப்பையும் ஒழுங்காகக் கடத்தமாட்டா. அதனால் இதயவறையின் மின்னோட்டம் தடம் மாறிச் சுழன்று துடிப்பு கட்டுமீறி விரைகின்றது. அந்நிலையில் இதயம் துடிப்பதுபோலத் தோன்றினும் மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து மயக்கம் உண்டாகும். துடிப்பு தானாக ஒழுங்குக்கு மீளாதபோது மரணம் நேரும்.

மயிர் சுருள்வதால் இதயம் பழுதுறுவதில்லை. இரண்டும் ஒரே மூலத்தின் இருவேறு விளைவுகள். ஆயின் ஒன்று பிறப்பிலும் மற்றொன்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் வெளிப்படுகின்றன. இந்த இடைவெளியே ஓர் உயிரைக் காப்பதற்கு மருத்துவத்துக்குக் கிடைக்கும் அவகாசமாகும்.

3. குடிவழியும் பரம்பரையலகின் வழியும்

நக்சோஸ் நோயும் கர்வஹால் நோயும் பின்னிடைவான முறையிற் கடத்தப்படுவன. ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியுமாக இரண்டாகவே நமக்குக் கிடைக்கின்றது. ஒரு பிரதி மட்டும் பழுதுற்றிருப்போர் பொதுவாக நலமாகவே வாழ்வர். இவர்களைக் காவிகள் என்பர். தாயும் தந்தையும் காவிகளாக இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். காவிகள் இருவர் தற்செயலாக மணம்புரிதல் அரிது. ஆனால் இருவருக்கும் பொதுவான முன்னோர் இருப்பின் அவ்வருமை குறைகின்றது. இவ்விடத்தே மட்டக்களப்பின் உறவுமுறை நமது கவனத்துக்குரியதாகின்றது.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலோரமாக எழுவான்கரையும் மேற்கே வயல்சூழ்ந்த படுவான்கரையும் அமைந்துள்ளன. இரு கரைகளிலும் தமிழரிடையேயும், இப்பிரதேச முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமரபு வழங்கிவருகின்றது. பிள்ளைக்குத் தாயின் குடியே குடியாகும். ஒரு தாய் வயிற்றுவழியினர் வயிற்றுவார் எனப்படுவர். கோயில் உரிமைகளும் வரிசைகளும் குடிவழியே பகிரப்பட்டன. வி. சீ. கந்தையா தம் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்னும் நூலிலும், அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலும் அயற்பகுதிகளிலும் நிகழ்த்திய நெடுங்கால ஆய்வுகளின் பயனாக 2008இல் வெளியிட்ட நூலிலும் இம்மரபு விரிவாகப் பதிவாகியுள்ளது. தாய்வழி உரிமையை ஏற்ற முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின் வழக்கொழிந்தபோதிலும், வீடும் காணியும் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்லும் வழக்கம் அம்மரபின் பொருளியல் அடிப்படையைத் தொடர்ந்து பேணிவந்துள்ளது.

இம்மரபின் முதன்மையான விதி ஒரே குடிக்குள் மணம் கூடாது என்பதாகும். தாயின் சகோதரியின் பிள்ளைகள் ஒரே குடியினர். அவர்கள் அண்ணன், தங்கை முறையினர். தாய்மாமன் பிள்ளையோ வேறு குடியைச் சேர்ந்தவர். மச்சான் அல்லது மச்சாள் முறையானவர். மணத்துக்கு மிகவும் உகந்தவராகக் கருதப்படுபவர். காணியும் வளவும் பிறர்கைப்படாது உறவுக்குள்ளேயே நிற்பதற்கும் இம்மணம் துணைசெய்தது. குடி கடந்து மணம்புரிவதால் நெருங்கிய இரத்தக் கலப்பு தவிர்க்கப்பட்டுவிட்டது என்னும் உணர்வையும் இவ்விதி ஊட்டவல்லது.

உயிரியற் கணக்கு இதனின் வேறுபட்டது. காவியான ஒரு மூதாட்டிக்கு மகளொருத்தியும் மகனொருவனும் உளர் எனக் கொள்வோம். இருவரும் தாயின் குடியினரே. மகளின் மகன் அதே குடியினன். மகனோ வேறு குடிப் பெண்ணை மணந்தவன். அவனுடைய மகள் அவளது தாயின் குடியைச் சார்ந்தவள். இவ்விரு பேரப்பிள்ளைகளும் குடியால் வேறுபட்டவர்கள், மணத்துக்கு உரியவர்கள். ஆயின் மூதாட்டியின் பழுதுற்ற பிரதி மகளுக்குச் சென்றிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பும், மகனுக்குச் சென்றிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பும் உண்டு. பேரனிடமும் பேத்தியிடமும் அது வந்திருக்கும் வாய்ப்பு தனித்தனியே நான்கில் ஒன்று. இருவரிடமும் வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அவர்களின் பிள்ளை அவ்விரு பிரதிகளையும் பெற்று நோயுறும் வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்று.

இந்த மூதாட்டியின் பேரப்பிள்ளைகள் இரு சகோதரிகளின் மக்களாக இருந்திருப்பினும் கணக்கு இதுவே. ஒரு குடிக்குள் என விலக்கப்படும் உறவும், குடி வேறென வரவேற்கப்படும் உறவும் பரம்பரையலகைப் பொறுத்தவரை சமதூரத்திலேயே உள்ளன. குடி தாய்வழியை மட்டும் எண்ணுகின்றது. பரம்பரையலகோ தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒருங்கே செல்கின்றது. மனித உடலிற் குடியைப் போலவே தாய்வழியாக மட்டும் செல்வது கலத்தினுள் இழைமணிகளில் இருக்கும் சிறிதளவு டி.என்.ஏ. மாத்திரமே. நாம் பேசும் பரம்பரையலகுகள் அதிற் சேரா.

மச்சான் மச்சாள் மணத்தின் விளைவை மற்றொரு வகையிலும் காட்டலாம். மக்களிடையே ஆயிரம் பிரதிகளுக்கு ஒன்று பழுதுற்றிருக்கும் ஒரு நோயை உதாரணமாகக் கொள்வோம். உறவற்றோரின் பிள்ளைகளில் அது பத்து இலட்சத்துக்கு ஒன்றாகத் தோன்றும். முதல்நிலை மச்சான் மச்சாளின் பிள்ளைகளில் ஏறக்குறைய 16,000க்கு ஒன்றாகத் தோன்றும். அஃதாவது அறுபது மடங்குக்கு மேல். நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு உறவு மணத்தின் பங்கு பெரிதாகின்றது. அதே கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது: 16,000 பிள்ளைகளில் ஒருவர் தவிர்ந்த அனைவரும் இந்நோயற்றவர்களே. பரம்பரை நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது முதல்நிலை உறவு மணத்தால் மிகும் ஆபத்து நூற்றுக்கு 2 முதல் 3 வரை என்றே பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் நிகழுமிடத்து இது மேலும் உயரக்கூடும். எனினும் ஒரு சமூகத்தின் மணமுறையை இழித்துரைப்பதற்கு இவ்வெண்கள் இடந்தருவனவல்ல.

4. அடையாளம் தவறும் இடங்கள்

நோய் அரிதென்பதாலன்றி, அதன் அடையாளங்கள் அன்றாட வாழ்க்கையுள் மறைந்துவிடுவதாலும் அது காணாமற் போகின்றது. வயலிலும் வாவியிலும் வெறுங்காலுடன் உழைப்போரின் உள்ளங்கால் தடித்திருத்தல் இயல்பு. மண்வெட்டியும் தோணிக்கோலும் பிடித்த கை காய்த்துப் போகும். ஆகவே உழைப்பாளர் குடும்பத்திற் பிறந்த பிள்ளையின் தடித்த பாதம் எவர்க்கும் வியப்பளிக்காது. ஆயின் உழைப்பால் வந்த காய்ப்பு உழைத்த இடத்திலும் உழைத்த வயதிலும் வரும். இன்னும் எந்த உழைப்பையும் அறியாத மூன்று வயதுப் பிள்ளையின் இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒப்பத் தோன்றும் தடிப்பு வேறு காரணம் உடையது.

மயக்கமும் அத்தகையதே. இதயத்துடிப்பு முறைகேட்டால் விழும் பிள்ளையின் கைகால்கள் சில வேளைகளில் இழுத்துக்கொள்வதுண்டு. அதனால் அது வலிப்பெனக் கருதப்படக்கூடும். ஓடும்போதோ விளையாடும்போதோ வரும் மயக்கமும், குடும்பத்தில் இளவயதில் நிகழ்ந்த திடீர் மரணமும் இதயத்தின்பாற் கருத்தைத் திருப்பவேண்டிய குறிப்புகளாகும்.

மறுபுறம் காணாத இடத்தில் நோயைக் காணும் தவறும் உண்டு. சுருண்ட மயிர் நோயன்று. புத்தளத்துச் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மயிர் அவர்களது மரபின் இயல்பாகும். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் சுருள்முடி உடையோர் பலர். ஐயத்துக்குரியது உடன்பிறந்தாரினதும் பெற்றோரினதும் மயிரினின்று வெளிப்படையாக வேறுபட்டுப் பிறப்பிலேயே காணப்படும் கம்பளி மயிராகும். அதுதானும் தனித்து நிற்குமாயின் பெரும்பாலும் தீங்கற்றது. இதயத்தைத் தொடாத கம்பளி மயிர் வகைகளும் இதயத்தைத் தொடாத தோற்றடிப்பு வகைகளும் பல உள. இரண்டும் ஒருங்கு சேருமிடத்தே இதயத்தைப் பரிசோதித்தல் கடமையாகின்றது.

இன்னொரு தவறு சமூகத்தைச் சார்ந்தது. பரம்பரை நோய் எனும் சொல் கேட்டமாத்திரத்திற் பழி தாய்மேற் சுமத்தப்படுவது நம் சமூகத்துக்குப் புதிதன்று. அனைத்தும் தாய்வழியே எண்ணப்படும் ஓரிடத்திற் குடியையே குறைகூறும் பேச்சும் எழக்கூடும். பின்னிடைவான நோயிற் பழுதுற்ற பிரதிகளில் ஒன்று தந்தையினுடையது என்பது விஞ்ஞானம் ஐயமின்றி நிறுவிய உண்மை. நோயுற்ற பெண்ணின் சகோதரிகளுடைய மணவாய்ப்பைக் கெடுக்கும் வதந்தியாக இவ்வறிவு மாறுமாயின், அறியாமையினும் அது கொடியதாகிவிடும்.

5. செய்யக்கூடியன

இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு இத்தகைய நோயைக் கண்டறிவதற்குப் பெரிதும் இசைவானது. குழந்தை பிறந்த வீட்டுக்கு மருத்துவமாது செல்கின்றார். பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நிகழ்கின்றது. தலையையும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் ஒருமுறை நோக்குதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படும் பிள்ளையை இதய மருத்துவரிடம் அனுப்பினால் மின்வரைபுப் பரிசோதனையும் எக்கோப் பரிசோதனையும் செய்யலாம். மார்பின் முன்பக்கத்து மின்வரைபில் அலைகள் தலைகீழாகத் தோன்றுதல் இந்நோயின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாகும். முதற் பரிசோதனை சீராயினும் அதனோடு நிறுத்தலாகாது. பருவமெய்தும் வயதைக் கடந்தபோது ஏறக்குறைய அனைவரிடத்தும் இதயக்குறை வெளிப்படுவதால் ஆண்டுதோறும் பரிசோதித்தல் வேண்டும்.

மூலப் பழுதை நீக்கும் மருந்து இல்லையாயினும் மரணத்தைத் தவிர்க்கும் வழிகள் உள. கடும் உடற்பயிற்சியையும் போட்டி விளையாட்டுகளையும் விலக்குதல், துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை உட்கொள்ளுதல், ஆபத்து மிகுந்தோருக்குத் துடிப்பு முறைகேட்டை உணர்ந்து தானே மின்னதிர்வு கொடுத்து ஒழுங்குபடுத்தும் கருவியை மார்பினுட் பொருத்துதல் ஆகியன அவை. இதயம் முற்றாகச் செயலிழக்கும் நிலையில் மாற்றிதயம் பொருத்துதலே எஞ்சிய வழி. இக்கருவியின் விலை ஒரு மீனவக் குடும்பமோ கூலி விவசாயக் குடும்பமோ தாங்கக்கூடியதன்று. ஆகவே இது தனிப்பட்ட குடும்பத்தின் பிரச்சினையாக விடப்படாது இலவச மருத்துவத்தின் பொறுப்பாகக் கொள்ளப்படவேண்டும்.

திடீர் மரணங்களின் விசாரணையும் கவனத்துக்குரியது. இளவயதினர் ஒருவர் திடீரென இறக்கும்போது திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை குற்றம் உண்டா இல்லையா என்பதனோடு பெரும்பாலும் முடிவடைகின்றது. இறந்தவரின் மயிரும் கைகால்களும் எவ்வாறிருந்தன, பெற்றோர் உறவினரா, உடன்பிறந்தோர் எத்தனைபேர் என்னும் வினாக்களும் அங்கு எழுமாயின் எஞ்சிய பிள்ளைகளைக் காக்கலாம். நோயுற்ற ஒருவரின் ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு என்பதை மறத்தலாகாது.

மணமுறையைப் பொறுத்தவரை தடைச் சட்டமோ கண்டனமோ பயன்தராது. குடும்பத்தில் இத்தகைய நோயோ இளவயது மரணமோ நிகழ்ந்திருக்குமாயின், திருமணப் பேச்சுக்கு முன் இருபுறத்தாரும் மருத்துவ ஆலோசனை பெறும் வழக்கம் உருவாகவேண்டும். தலைமுறைகள் பலவற்றின் உறவுமுறையை நினைவிலிருந்தே சொல்லவல்ல முதியோர் வாவியின் இரு கரைகளிலும் இன்றும் உளர். யாருக்கு யார் மச்சாள், எவ்வயிற்றுவார் எவ்வூரிற் குடியேறினர் என்னும் அவர்களின் அறிவு குடும்ப மரபுரை வரையும் மருத்துவருக்குப் பெருந்துணையாகும். அவர்கள் சொல்லும் தாய்வழிப் பட்டியலோடு தந்தைவழியையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டியதொன்றே நாம் செய்யவேண்டிய திருத்தம்.

நக்சோஸ் தீவின் மருத்துவர்கள் 1986இல் முதன்மையாகக் கொண்டிருந்த கருவி தம் ஊர்மக்களைக் கூர்ந்து நோக்கிய கண்ணேயாகும். பரம்பரையலகு கண்டறியப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டும், தலையையும் கையையும் காலையும் பார்த்தும் அவர்கள் உண்மையை அணுகினர். அத்தகைய நோக்கு நம்மிடத்தும் ஏற்படுமாயின், வகுப்பில் மயங்கி விழும் ஒரு பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படுவதற்குப் பதிலாக மின்வரைபுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும்.